டாங்கியின் பெயின்ட் ஏன் மாவாக உதிர்கிறது?

ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கிகள் சில, ஓய்வுபெற்றபின் திறந்தவெளியில் காட்சிக்கு நிற்கின்றன. இப்படி வெயிலில் நிற்கும் பழைய பூச்சைத் தடவினால் விரலில் வெளிறிய தூள் ஒட்டும். இதுதான் பெயின்ட் மாவாதல். மினுமினுப்பில்லாத ராணுவப் பச்சை என்பதால் தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது.

பெயின்டில் நிறத்தூளைப் பிடித்துவைப்பது பிசின். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பிசினின் மூலக்கூறுகளை அறுக்கிறது. பிடி விட்டதும் தூள் உதிர்கிறது. மொட்டைமாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி வெளுத்து நொறுங்குவதும் இதே கதைதான். பூச்சு மெலிந்ததும் விளிம்புகளிலும் போல்ட் ஓரங்களிலும் ஈரம் நுழையும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மிச்சப் பூச்சையும் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

மேலே இன்னொரு கோட்டிங் அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தேய்த்துக் கழுவாமல் அடித்த பெயின்ட் தூளோடுதான் ஒட்டும், இரும்போடு அல்ல.