வீட்டுக்காரரைக் குடி மறுவாழ்வு மையத்தில் சேர்க்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். அவர் கட்டிங் மாஸ்டர், வாரம் 4,500 ரூபாய் சம்பளம். நான் செக்கிங், வாரம் 2,500. மகள் பத்தாவது படிக்கிறாள். அவருக்குப் பன்னிரண்டு வருடமாகக் குடிப்பழக்கம். இப்போது தினமும் 300 ரூபாய் அதற்கே போகிறது. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. போன வாரம் அவரே, "என்னை எங்கேயாவது சேர்த்து விடு" என்று அழுதார். விசாரித்தேன். ஒரு தனியார் மையத்தில் 30 நாளைக்கு 45,000 ரூபாய். மூன்று மாதம் இருந்தால்தான் முழுசாக விடும், மொத்தமாக முன்பணம் கட்டினால் 1,20,000 ரூபாய்க்கு முடித்துக் கொள்ளலாம் என்கிறார்கள். மருந்து, டெஸ்ட் தனி. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. மகளுக்காகச் சேர்த்த ஏழு பவுன் இருக்கிறது. 3 லட்ச ரூபாய்க்குக் குடும்ப மெடிக்கல் பாலிசி இருக்கிறது. கிளெய்ம் கிடைக்குமா? இல்லையென்றால் நகையை வைத்துச் சேர்த்து விடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, நகையை இப்போது தொடாதீர்கள். ஆனால் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், இரண்டும் முடியும்.

பணக் கணக்குக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. சேர்த்து விடு என்று அவரே கேட்டது பெரிய விஷயம். அந்த வேகத்தில், "இன்றிலிருந்து தொட மாட்டேன்" என்று வீட்டிலேயே சட்டென்று நிறுத்த விடாதீர்கள். காலையில் கை நடுங்கும் அளவுக்கு உடம்பு பழகிவிட்டவருக்கு, கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் வரும். அது உயிருக்கே ஆபத்து. ஆகவே நிறுத்துவது டாக்டரின் கண்முன் நடக்க வேண்டும்.

இந்த முதல் கட்டத்தைத்தான் டீடாக்ஸ் என்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நாள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரை, தயமின் என்ற பி1 வைட்டமின், ரத்தப் பரிசோதனை, இரவும் பகலும் நர்ஸ் கவனிப்பு. மருத்துவ ரீதியாக மிகவும் தேவையான கட்டம் இதுதான். இது அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் ஊரிலேயே 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருந்தே தீர வேண்டும். குடிநோய்க்கு அங்கேதான் போக வேண்டும். மனநலப் பிரிவு என்றதும் அவர் முகம் சுளித்தால், சர்க்கரைக்கு ஒரு டாக்டர் மாதிரி குடிக்கு இவர்தான் டாக்டர் என்று சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு தங்கிச் சிகிச்சை பெறுவது தேவையா என்பதை அந்த டாக்டர் சொல்லட்டும். தேவை என்றாலும் உடனே 45,000 ரூபாயை எண்ண வேண்டியதில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களில் கட்டணம் இல்லை. 14446 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்வார்கள். உங்களுக்கே மனசு தாங்காத ராத்திரிகளில் பேச 14416 என்ற எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இனி அந்த 1,20,000 ரூபாய். தனியார் மையம் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை, அக்கறையோடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று மாதப் பணத்தை முதல் நாளே கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் பெரியப்பா மகனை இப்படித்தான் ஒரு மையத்தில் சேர்த்தோம். பெரியம்மா நிலத்தை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டினார். பதினேழாம் நாள் அவன் வெளியே வந்துவிட்டான். மீதிப் பணத்தைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டிய தொகை திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். அவன் மறுபடி குடித்தபோது வைத்தியம் பார்க்க வீட்டில் ஒரு ரூபாய் இல்லை. குடிநோயில் சறுக்கல் வருவது சகஜம், அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்று அன்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இந்தப் பதிலை நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே அதனால்தான்.

அதனால் தனியார் மையம்தான் என்று முடிவானாலும் வாரா வாரம் கட்டுவதாகச் சொல்லுங்கள். 45,000 என்றால் நாளைக்கு 1,500 ரூபாய். நடுவில் வந்தால் தங்கிய நாளுக்கு மட்டும் கணக்கு என்று எழுதி வாங்குங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழை நேரில் பாருங்கள். மனநல டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். "மூன்று மாதம் போனும் கிடையாது, பார்க்கவும் விடமாட்டோம்" என்றால் அங்கே சேர்க்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் மறந்துவிடக் கூடாது. இன்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. உள்ளே இருப்பவர் குடும்பத்தோடு பேசும் உரிமையையும் தருகிறது.

பாலிசிக்கு வருகிறேன். அதை நம்பி இறங்காதீர்கள். பாலிசிப் புத்தகத்தில் "எக்ஸ்க்ளூஷன்" என்ற பகுதியில் 12ஆம் எண்ணைப் பாருங்கள். குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்கும் அதனால் வரும் விளைவுகளுக்கும் பணம் கிடையாது என்று இருக்கும். இது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான வாசகம், பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. "விளைவுகள்" என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக் கல்லீரல் சிகிச்சையைக்கூட மறுக்க முடியும். மறுபக்கம், நான் சொன்ன அதே 2017 சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆகவே செலவு செய்திருந்தால் கிளெய்ம் போடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கேயும் தீராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பணம் வந்தால் வரட்டும். ஏஜென்ட் யாராவது "வேறு நோய் என்று எழுதி வாங்கிவிடலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களையும் மகளையும் காக்கும் பாலிசியே அதனால் ரத்தாகலாம். பிரீமியத்தை மட்டும் தவறாமல் கட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு அது பொருந்தாது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா? 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். அவர் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். பிடித்திருந்தால் மருத்துவமனைச் செலவு இ.எஸ்.ஐ.யுடையது. கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. இ.எஸ்.ஐ. கணக்கில் எடுக்கும் ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்து, டாக்டர் சான்றிதழும் இருந்தால், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. நான்கு வாரம் அவர் வேலைக்குப் போகாவிட்டால் 18,000 ரூபாய் நின்றுபோகும், அதில் 11,000 ரூபாய்க்கு மேல் இப்படித் திரும்பி வரும். மையத்தின் கட்டணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நின்றுபோகும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வாடகையும் பால்காரரும் அந்த நான்கு வாரத்திலும் வரத்தான் செய்வார்கள். உங்கள் கையில் இருக்கும் 20,000 ரூபாய் இதற்காகத்தான், வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

அடுத்து, வீட்டுக்கு வந்த பிறகு வரும் ஒரு வருடம். பணம் தொடர்ந்து தேவைப்படுவது அப்போதுதான். குடிக்கும் வெறியைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரலைச் சோதித்துப் பார்த்து எது ஒத்துவரும் என்று டாக்டர் முடிவு செய்வார். மாத்திரை, போக்குவரத்து, ஒரு நாள் லீவு எல்லாம் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் ஒதுக்குங்கள் என்பது என் யோசனை. அரசு மருத்துவமனையில் மாத்திரை கிடைத்தால் அது மிச்சம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமே கிடையாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அதற்கு நீங்கள் போங்கள். "அவருக்கே தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள்" என்று விற்கிறார்களே பொடி, அதற்கு ஒரு பைசா செலவழிக்காதீர்கள். அப்படிக் கொடுப்பதில் டைசல்ஃபிராம் என்ற, குடியோடு சேரக்கூடாத மருந்து இருந்து, தெரியாமல் அதன் மேல் அவர் குடித்தால் உயிரே போகலாம்.

நகைக்கு வருவோம். 1,20,000 ரூபாய்க்கு அடகுக்கடையில் மாதம் நூற்றுக்கு ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 28,800 ரூபாய் வட்டி மட்டும். ஒன்பது சதவீதத்தில் வங்கி கொடுத்தால் 10,800. அவர் சம்பாத்தியம் நிற்கும் நேரத்தில் இந்தச் சுமை உங்கள் 2,500 ரூபாயின் தலையில் விழும். தங்கும் சிகிச்சை கட்டாயம், இலவச மையத்தில் இடமே இல்லை என்று டாக்டர் சொன்னால் மட்டும் ஒன்றிரண்டு பவுனை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வையுங்கள், ஒரு மாதத் தேவைக்கு மட்டும்.

இன்னொரு கணக்கு. தினம் 300 என்றால் வாரம் 2,100 ரூபாய், அவர் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. வருடத்துக்கு 1,09,500. அவர் நிறுத்திய முதல் சனிக்கிழமையிலிருந்தே அந்த 2,100 ரூபாயை மகள் பெயரில் ஒரு கணக்கில் போடச் சொல்லுங்கள், அவர் கையாலேயே. நீங்கள் பையைத் துழாவி எடுத்தால் அது சண்டையாகும். சம்பளத்தை ரொக்கமாகத் தராமல் வங்கியில் போடும்படி அவரே கம்பெனியில் கேட்டால் இன்னும் நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கத்தோடு டாஸ்மாக்கைத் தாண்டி வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் ஓ.பி. சீட்டு வாங்க நில்லுங்கள். ஆதார், இ.எஸ்.ஐ. கார்டு, பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். அதற்குள் வலிப்போ குழப்பமோ வந்தால் திங்கள்வரை காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.