பழைய வைஸையும் வைஸ் ஸ்டாண்டையும் அடையாளம் கண்டு வாங்குவது எப்படி?

புதுச்சேரியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் பார்த்த ஒற்றைத் தூண் வார்ப்பிரும்பு ஸ்டாண்டையும் அதன்மேல் இருக்கும் வைஸையும் (வேலைப் பொருளை இறுகக் கவ்விப் பிடிக்கும் பட்டறைக் கருவி) சேர்த்து வாங்கலாமா, அவற்றின் காலத்தை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பழைய இரும்பைக் காட்டினாலும் ‘ரோடியர் மில் சாமான்’ என்று சொல்லும் கடைக்காரர்கள் நம் ஊரில் உண்டு. 1898இல் தொடங்கிய அந்தத் துணி ஆலையின் பெயரும் விலையில் சேர்ந்துவிடும். ஆகவே கதையை விட்டு இரும்பைப் பாருங்கள்.

முதலில் ஸ்டாண்டின் மேல்தட்டைக் கவனியுங்கள். வைஸின் துளைகளும் தட்டின் துளைகளும் நேராகப் பொருந்தி, போல்ட் உட்காரும் இடம் வார்ப்பிலேயே சற்றுத் தடித்திருந்தால், இரண்டும் தொடக்கம் முதலே சேர்ந்திருந்தவையாக இருக்கலாம். பயனற்ற துளைகள் அருகருகே தெரிந்தால் அது பின்னாளில் சேர்த்த ஜோடி. தூணில் புடைத்து நிற்கும் எண்ணை ஆண்டு என்று கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது வார்ப்பு அச்சின் எண்தான்.

என் கணிப்பில், சேகரிப்பவர் முதலில் தேட வேண்டியது தரைவரை நீளும் கால் கொண்ட, கொல்லுப்பட்டறையின் லெக் வைஸ். வார்ப்பிரும்பு வைஸ் சம்மட்டி அடிக்கு விரிசல் விடும். லெக் வைஸோ உலையில் காய்ச்சி அடித்துச் செய்யப்பட்டது என்பதோடு, விழும் அடியை அதன் நீண்ட கால் தரைக்கு இறக்கிவிடும். பொருளைக் கவ்வும் தாடை கீலில் திரும்புவதால், அகலத் திறக்கும்போது மேல்புறம் கூடுதலாக விலகும், அது பழுதன்று. திருகு நுழையும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரையின் (திருகுப் புரியின்) அடியோரத்தில் பித்தளை நிறம் மெல்லிய கோடாகத் தெரிந்தால், மரையைக் கடைந்தெடுக்காமல், சுருட்டிய இரும்புப் பட்டையை உள்ளே வைத்துப் பித்தளையால் பற்றவைத்த பழைய முறையில் செய்யப்பட்டது அது.

மேசைமேல் பொருத்தும் பெஞ்ச் வைஸில் பெரும்பாலும் பெயரே சாட்சி சொல்லும். ஷெஃபீல்டின் ரெக்கார்ட், யார்க்‌ஷயர் ஷிப்லியின் பார்க்கின்சன் ஆகிய இங்கிலாந்து நிறுவனங்களின் பெயர்கள் உடலிலேயே புடைத்து நிற்கும். 1941இல் சிகாகோவில் தொடங்கிய வில்டன் கிடைத்தால், நகரும் தண்டின் அடிப்புறத்தில் பொறித்த தேதியைத் தேடுங்கள்; ஆனால் தொடக்க கால வைஸ்களில் அது செய்த நாள் அன்று, ஐந்தாண்டு உத்தரவாதம் முடியும் நாள்.

பெயர் எதுவானாலும், நகரும் தாடையை முழுவதும் கழற்றிப் பார்க்காமல் பணம் தராதீர்கள். மரையின் விளிம்பு கத்திபோல் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். சிறு சுத்தியலால் தட்டும்போது சத்தம் மந்தமாக வந்தால் விரிசலைச் சந்தேகியுங்கள். அண்மையில் பெயிண்ட் அடித்த வைஸை நான் தொடுவதே இல்லை; அடியில் பட்டி போட்டு மறைத்த விரிசல் இருக்கக்கூடும்.

நம் உப்புக் காற்றில் துரு தவிர்க்க முடியாதது. ஆசிட்டில் ஊறவைப்பதைவிட, சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸோடும் நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டோடும் இணைத்து, திறந்த வெளியில் துருவை இளக்குவது நல்லது. நேர்முனைக்கு எவர்சில்வர் கூடவே கூடாது. அதிலிருந்து நஞ்சான குரோமியம் நீரில் கலக்கும்.

ஸ்டாண்டில் மட்டும் ஒன்று பாக்கி: அடித்தட்டின் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தரையோடு இறுக்க முடியாத ஸ்டாண்ட், கைப்பிடியை இழுத்துத் திருகும்போது வைஸோடு சேர்ந்து உங்கள் கால்மீது சாயும்.