சுங்கை சிப்புட் வானம்: கைப்பேசிச் செயலி பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம் கோயில் மண்டபத்து வாசலில் நாலைந்து பேருக்கு, வானத்தை நோக்கிப் பிடித்தால் அங்கே இருக்கும் நட்சத்திரத்தையும் கோளையும் பெயரோடு காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியைத் திறந்து காட்டினேன். மறுநாளே ஊரில் பாதிப் பேர் அதை இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் சாப்பாட்டுக் கடையில், பசார் மாலாம் இரவுச் சந்தையில், சாவு வீட்டில்கூட இதே கேள்விகள்தான். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

லோரி ஓட்டும் தம்பி: அண்ணே, செயலி நிலாவை ரப்பர் ஆலைப் பக்கம் காட்டுது. நிஜ நிலா பள்ளிக்கூடத்துக்கு மேல நிக்குது. எது சரி?

நிலாதான் சரி தம்பி. உங்கள் கைப்பேசிக்குத் திசை குழம்பியிருக்கிறது.

செயலிக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பதை ஜிபிஎஸ் சொல்லும். கைப்பேசியை எவ்வளவு நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள் என்பதை அதன் உள்ளே இருக்கும் உணரி சொல்லும். இவை இரண்டும் பெரும்பாலும் தப்பாது. மூன்றாவது, எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்பது. இதற்குள்ள காந்த உணரி பூமியின் காந்தப் புலத்தை அளக்கிறது. அந்தப் புலம் மிகவும் மெலிந்தது. பக்கத்தில் லோரி நின்றாலோ, தலைக்கு மேல் சிங்க் கூரை இருந்தாலோ, கைப்பேசி உறையில் காந்தப் பூட்டு இருந்தாலோ உணரி அதன் பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் லோரிக் கதவில் சாய்ந்துகொண்டுதானே பார்த்தீர்கள்?

உறையைக் கழற்றிவிட்டு, லோரியை விட்டுத் தள்ளி வெட்டவெளிக்கு வாருங்கள். கைப்பேசியைக் காற்றில் எட்டு போடுவது மாதிரி நாலைந்து முறை சுழற்றுங்கள். அப்புறம் நிலாவை நோக்கிப் பிடியுங்கள். படத்து நிலாவும் நிஜ நிலாவும் ஒன்றாக வந்தால் வேலை முடிந்தது. அப்போதும் வரவில்லை என்றால் உணரியை அணைத்துவிட்டு, விரலால் வானத்தை இழுத்து நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள். ஊர்க் கோயில் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. சில நாடுகளில் திசைமானி காட்டும் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் பத்து, இருபது பாகை வித்தியாசம் வரும். நம் மலேசியத் தீபகற்பத்தில் அது ஒரு பாகைகூட இல்லை, அந்தக் கவலை வேண்டாம்.

அதே தம்பி: ஊர் பேரு கோலாலம்பூர்னு காட்டுதே?

பரவாயில்லை. இரண்டு ஊருக்கும் அட்சரேகையில் இரண்டு பாகைகூட வித்தியாசம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது. லண்டன் என்று காட்டினால்தான் சங்கடம். இட அனுமதியைத் திறந்துவிடுங்கள்.

இரண்டாம் படிவ மாணவி: அங்கிள், செயலியில் ஆயிரக்கணக்கான நட்சத்திரம். வீட்டு வாசல்ல எண்ணினா முப்பதுதான் தேறுது.

செயலிக்குத் தெருவிளக்கு கிடையாது. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை ஒளிப்பருமன் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு ஆறாம் ஒளிப்பருமன் வரை தெரியும். கடைத்தெருப் பக்கம் மூன்றைத் தாண்டுவதே கஷ்டம். அமைப்புகளில் நட்சத்திரங்களின் அளவைக் குறைத்துக்கொள், படமும் வானமும் ஓரளவு ஒத்துப்போகும்.

அதைவிட முக்கியம் உன் கண். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திறந்தால் பழகியது போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் செயலியில் சிவப்புத் திரை வைத்திருக்கிறார்கள். இருட்டில் வேலை செய்யும் கண் அணுக்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது. கைவிளக்குக்கும் அதே கதைதான். பசார் மாலாமில் கொடுக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் பையை இரண்டு மடிப்பாக விளக்கின் முகத்தில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றினால் போதும்.

இருட்டு வேண்டும் என்று செம்பனைக் காட்டுக்குள் தனியாகப் போய்விடாதே. எலிக்காகப் பாம்பு வரும் இடம் அது, காட்டுப் பன்றியும் உண்டு. பள்ளித் திடல் போதும், அம்மாவையும் அழைத்துக்கொண்டு போ.

ஒரு பாட்டி, பேரன் வழியாக: கட்டில்ல படுத்துக்கிட்டு போனைக் கீழ பிடிச்சா சூரியன் தெரியுதே, ராத்திரி பத்து மணிக்கு?

சரியாகத்தான் காட்டுகிறது பாட்டி. பூமி மட்டும் கண்ணாடியாக இருந்தால் சூரியன் இந்நேரம் அங்கேதான் தெரியும். தரைப் படத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள் பேரனை, மறைந்துவிடும்.

பால்மரம் வெட்டும் அக்கா: காலையில வேலைக்குப் போறப்ப கிழக்கால பெருசா ஒரு வெளிச்சம் நிக்கும். இப்போ கொஞ்ச மாசமா காணோம். எங்க போச்சு?

விடிவெள்ளி அக்கா அது. வெள்ளிக் கோள். எங்கும் போகவில்லை, சாயங்கால வேலைக்கு மாறியிருக்கும். சூரியனைவிட்டு அது 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே விடியலுக்கு முன் கிழக்கில், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்ததும் மேற்கில், அவ்வளவுதான். நடு ராத்திரியில் உச்சியில் ஒளிர்வதை யாராவது வெள்ளி என்று சொன்னால் நம்பாதீர்கள். காலையில் எட்டு ஒன்பது மாதம் தெரியும், பிறகு சூரியனுக்குப் பின்னால் போய் ஏறக்குறைய ஐம்பது நாள் மறைந்திருக்கும், அப்புறம் மாலையில் எட்டு ஒன்பது மாதம். மீண்டும் விடிகாலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். முழுச் சுற்றுக்கு 584 நாள். செயலியில் ‘வீனஸ்’ என்று தேடி, கடிகாரத்தை மாதம் மாதமாகத் தள்ளிப் பாருங்கள். உங்களுக்கு மறுபடி எப்போது துணைக்கு வரும் என்று தெரிந்துவிடும்.

கல்யாண வீட்டு அண்ணன்: மகளுக்கு வைகாசியில கல்யாணம், காலை ஒன்பது மணி முகூர்த்தம். ஐயர் அருந்ததி காட்டுவார். செயலியில எங்க இருக்கும்?

தரைக்குக் கீழே இருக்கும் அண்ணே. வைகாசிக் காலையில் நம் ஊருக்கு அருந்ததி அடிவானத்துக்கு வெகு கீழே. அதற்காக மணவறையில் ஐயரிடம் போனை நீட்டிவிடாதீர்கள், சடங்கு சடங்காக நடக்கட்டும். அன்று இரவு பத்து மணிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே அழைத்து வந்து வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களில் வால் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான் அருந்ததி. செயலியில் வசிஷ்டரை மிசார் என்றும் அருந்ததியை அல்கோர் என்றும் தேட வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடு பாருங்கள்.

அப்படியே திரும்பித் தெற்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் அந்த நேரத்தில் நிமிர்ந்தோ, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தோ நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அது வானத்தில் பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து இரண்டு, இரண்டரை முட்டி உயரம். வடக்கே சப்தரிஷி, தெற்கே தென்சிலுவை, இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் வசதி லண்டன்காரனுக்கும் இல்லை, மெல்பர்ன்காரனுக்கும் இல்லை. நமக்கு இருக்கிறது. பதிலுக்குத் துருவ நட்சத்திரத்தை இழந்திருக்கிறோம். சுங்கை சிப்புட்டில் அது அடிவானத்துக்கு ஐந்து பாகை மேலேதான், மரமோ மலையோ மறைத்துவிடும்.

ஜாதகம் பார்க்கும் ஐயா: தைப் பொங்கலன்று சூரியன் மகரத்தில் நுழைகிறார். செயலியோ தனுசு என்கிறது. சித்திரை முதல் நாளில் மேஷம் என்றால் அது மீனம் என்கிறது. செயலியை எப்படி நம்புவது?

நல்ல கேள்வி ஐயா. இரண்டுமே அதனதன் கணக்கில் சரி. பஞ்சாங்கம் சூரியன் போகும் பாதையை 30 பாகை வீதம் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கிறது. செயலி பின்பற்றுவது அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் எல்லைக் கோடுகளை. 1930-இல் வெளியான அந்தப் பிரிவினையில் வானம் முழுவதும் 88 நட்சத்திர மண்டலம். அவை சம அளவு கிடையாது. கன்னியைக் கடக்கச் சூரியனுக்கு ஒன்றரை மாதம், விருச்சிகத்தைக் கடக்க ஒரே வாரம். அதற்கப்புறம் நம் பட்டியலில் இல்லாத ஓபியூக்கஸ் என்ற மண்டலத்தில் பதினெட்டு நாள் இருக்கும். அந்தக் கணக்கில் சூரியன் மகரத்துக்குப் போவது ஜனவரி 20 வாக்கில்.

ராசியை விட்டுவிட்டு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பஞ்சாங்கமும் செயலியும் எவ்வளவு அழகாகக் கைகோக்கின்றன என்று தெரியும். கிருத்திகை விரத நாளில் நிலாவைத் தேடுங்கள், பக்கத்திலேயே அறுமீன் கூட்டம் இருக்கும். தைப்பூசத்தன்று முழுநிலா கடகத்தில் நிற்கும். தேடுவதற்கு ஆங்கிலப் பெயர்கள் வேண்டுமே: கார்த்திகை பிளேயடீஸ், ரோகிணி ஆல்டெபரான், திருவாதிரை பெட்டல்ஜூஸ், மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைக்கா, சுவாதி ஆர்க்டூரஸ், கேட்டை அண்டாரிஸ், திருவோணம் ஆல்டேர். அகத்திய நட்சத்திரத்தைக் கனோபஸ் என்று தேடுங்கள்.

நான்காம் ஆண்டு மாணவன்: செயலியில் சனிக்கு வளையம் தெரியுது. அப்பாவோட போன் கேமராவில் ஸூம் பண்ணா தெரியலையே?

செயலி கேமராவில் பார்ப்பதில்லை தம்பி. முன்பே சேமித்து வைத்த படத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. வளையத்தை நிஜமாகப் பார்க்க முப்பது மடங்காவது பெருக்கும் தொலைநோக்கி வேண்டும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்: காசு கட்டுற பதிப்பு வாங்கலாமா?

வேண்டாம். ஸ்டெல்லேரியத்தின் இலவசப் பதிப்பே தாராளம். பழைய ஆண்ட்ராய்டு போனுக்கு ஸ்கை மேப் நல்லது. 2009-இல் கூகுள் பெயரில் வந்தது, இப்போது திறந்த மூல மென்பொருள், விளம்பரமும் இல்லை. போனைத் திருப்பியும் படம் அசையவில்லை என்றால் அந்த மலிவுப் போனில் காந்த உணரி இல்லை என்று அர்த்தம். காசு இருந்தால் பத்து மடங்கு பெருக்கும் 10x50 இருகண் நோக்கி வாங்குங்கள். வியாழனின் நான்கு நிலாக்கள் அதில் தெரியும், கையை மட்டும் எதிலாவது ஊன்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: வகுப்பு பகலில்தானே சார். பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

நேரத்தை நகர்த்துங்கள் டீச்சர், அதுதான் இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது. 26 டிசம்பர் 2019, பிற்பகல் 1.20, இடம் ஜொகூர் தஞ்சோங் பியாய் என்று வையுங்கள். அன்றைய சூரிய கிரகணத்தில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரியும். அதே நேரத்தில் இடத்தைச் சுங்கை சிப்புட்டுக்கு மாற்றினால் பிறை மாதிரி கடித்த சூரியன்தான் இருக்கும். ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அடுத்து 3 மார்ச் 2026, மாலை 7.30. அன்று முழுச் சந்திர கிரகணம் 7.04 முதல் 8.03 வரை. நிலா நம் கிழக்கு அடிவானத்தில் எழும்போதே சிவந்துதான் எழுகிறது. கிழக்கே மலை இருப்பதால் பள்ளித் திடலிலிருந்து அது எத்தனை மணிக்குத் தெரியும் என்று கணிக்கச் சொல்லுங்கள், ஒரு பாடவேளை ஓடிவிடும்.