எஸ்பிடி எண் (மண்ணில் ஒரு குழாயை இறக்கச் சம்மட்டியால் எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கு) அதிகம் வந்தால் அது நெருக்கமான மணலா, இயற்கையாகப் பிணைந்த மணலா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே அப்படித்தான் காட்டும். நில அதிர்வுக் கூம்புச் சோதனை செய்யுங்கள். அதில் மண்ணுக்குள் அழுத்தப்பட்டு இறங்கும் கூம்பு, மணல் மணிகளுக்கு இடையிலான பிணைப்பை நொறுக்கிவிடும். மேலே பலகையைச் சம்மட்டியால் தட்டி அனுப்பும் வெட்டு அலையோ (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அலை) அதை உடைக்காமல் கடந்து போகும். அதனால் பிணைந்த மணலில், கூம்பு முனை சந்திக்கும் எதிர்ப்புக்குப் பொருந்தாத அளவுக்கு அலை வேகம் கூடுதலாக வரும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு மண் பொறியாளர் ராபர்ட்சன் 2016-இல் முன்வைத்த குறியெண் 330-ஐத் தாண்டினால் பிணைப்பு இருக்கலாம். மணல் படிந்து வெகுகாலம் ஆனதால் வந்த வெறும் முதுமையாகவும் இருக்கலாம்.

கையில் ஒரு கட்டி கிடைத்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சட்டென்று உதிர்ந்தால் பெரும்பாலும் ஈரப்பசை பிடித்து வைத்திருந்ததுதான். நீர்த்த அமிலத்தில் நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஆனால் சிப்பித் தூளும் நுரைக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.