அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய்: நான் ஆராய்ச்சியில் சேரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்துவிட்டது. போன வருஷம் அம்மாவின் தங்கையான சித்திக்கும் வந்தது. எனக்கு 31 வயது, நோய் எதுவும் இல்லை. ஆராய்ச்சிக்கு ஏதாவது செய்ய ஆசை. வீட்டிலோ "உன் மேல மருந்தைச் சோதிச்சுப் பார்ப்பாங்க" என்று பயப்படுகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் உங்கள் விஷயத்துக்குப் பொருந்தாது. புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் நோயாளிகளைத்தான் சேர்ப்பார்கள். நோயில்லாத மகள், தங்கையிடம் பொதுவாகக் கேட்பது கொஞ்சம் ரத்தம், குடும்ப விவரம், சில வருஷத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள். அமெரிக்காவில் 'சிஸ்டர் ஸ்டடி' என்ற ஆய்வில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் சகோதரிகள் 50,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். ரத்தம், சிறுநீர், கால் நகத்துண்டு, வீட்டுத் தூசி என்று வாங்கிக்கொண்டு அவர்களைப் பல வருஷமாகத் தொடர்கிறார்கள், மாத்திரை எதுவும் கொடுப்பதில்லை.

நீங்கள் சேர்வதற்கு முன்னால் அம்மாவிடமிருந்து ஆரம்பியுங்கள். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால், அதுவும் அம்மாவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால், மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்டே ஆகவேண்டும். அதை முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு. அவரிடம், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிராக்கா1, பிராக்கா2 (BRCA1, BRCA2) மாதிரி ஒரு மரபணுவில் கோளாறு தெரிந்தால் உங்களிடம் அந்த ஒன்றைத் தேடினால் போதும். அந்தக் கோளாறு உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அம்மாவைச் சோதிக்காமல் உங்களை மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

சில மரபணு ரிப்போர்ட்டில் "மாற்றம் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் தெரியவில்லை" என்று வரும். நம் பெண்களுக்கு இந்தப் பதில் அதிகமாக வருகிறது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. உங்களைப் போன்றவர்கள் ஆய்வில் சேர வேண்டும் என்று நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணமே இதுதான். உங்கள் குடும்பம் கொடுக்கும் விவரம், நாளைக்கு இதே மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் இன்னொரு பெண்ணுக்கு விடையாகலாம்.

ஆய்வைத் தேட முதல் இடம், அம்மா சிகிச்சை பெற்ற மருத்துவமனைதான். அங்கே மரபியல் ஆலோசனைப் பிரிவு இல்லாவிட்டால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரிப் பெரிய இடங்களில் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ, 2007-இல் தொடங்கியது. யாரைச் சேர்க்கிறார்கள், பொறுப்பான மருத்துவர் யார், சேர்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சேர்வதற்கு யாராவது பணம் கேட்டால் உடனே விலகிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலக உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் அம்மாவின் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. என் ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், வேறு யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், முடிவை எனக்குச் சொல்வீர்களா என்பது. பல ஆய்வுகளில் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும், அதை வைத்து அறுவைசிகிச்சை மாதிரிப் பெரிய முடிவுக்குப் போகாமல், சிகிச்சைக்கான ரிப்போர்ட் தரும் லேபில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், உங்களுக்கு வரும் முடிவு கூடப்பிறந்தவர்களுக்கும் சித்தி பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், அதனால் தெரிந்துகொள்ள விருப்பமா என்று அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆய்வில் சேர்ந்துவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நோய் வந்திருக்கிறதா என்று பார்க்கும் உங்கள் மார்பகப் பரிசோதனை தனி. வீட்டில் நோய் வந்தவர்களில் இளையவரின் வயதுக்கு 10 வருஷம் முன்பே ஆரம்பிப்பது பொதுவான வழக்கம், அந்தக் கணக்கில் உங்களுக்கு 34. சித்திக்கு இன்னும் சின்ன வயதில் வந்திருந்தால் அதற்கும் முன்பே. மரபணுக் கோளாறு இருப்பது உறுதியானால் 34 வரை காத்திருக்கக் கூடாது, எம்.ஆர்.ஐ. இப்போதே தேவைப்படும். அதனால் இந்த மாதமே அம்மாவின் பயாப்ஸி (கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்த) ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள், சித்தியுடையதும் கிடைத்தால் நல்லது. மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.