திறந்த மூலக் குழுமம் ஒன்று தன் நிரலை எங்கே வைப்பது: கிட்ஹப்பா, கிட்லாப்பா, சொந்த வழங்கியா?

கிட்ஹப்பும் கிட்லாப்பும் நிரலை இணையத்தில் வைத்துப் பலர் சேர்ந்து வேலை செய்ய உதவும் தளங்கள்; கிட்லாப்பின் மென்பொருளைச் சொந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். கேட்டவர் பத்துப் பேருக்கு மேற்படாத, சம்பளமின்றி ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் குழுமம் ஒன்றைச் சேர்ந்தவர் என்றும், ‘சொந்த வழங்கி’, அதாவது நம் கையிலேயே இருக்கும் கணினியில் நிரலை வைத்து நாமே நடத்துவது, என்ற சொல்லில் அவருக்கும் கொஞ்சம் மோகம் இருக்கிறது என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் அது இருந்தது. அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு வராது.

மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் நாங்கள் ஏழு பேர், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்களை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றும் சிறிய செயலி ஒன்றைச் செய்துவருகிறோம். பாடசாலை வினாத்தாள்கள், கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள் என எங்கள் பக்கத்தில் இன்னமும் பாமினியிலேயே கிடப்பவை ஏராளம். 2020 இல் நிரலை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, 2018 இல் மைக்ரோசொஃப்ட் 750 கோடி டொலருக்குக் கிட்ஹப்பை வாங்கிக்கொண்டதையும், அடுத்த ஆண்டே அமெரிக்கத் தடைச் சட்டங்களின் பேரில் ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களில் இருந்த பயனர்களின் கணக்குகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டதையும் எடுத்துக்காட்டி, சொந்த வழங்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நானே. அந்த வாதம் பிழையென்று இப்போதும் நான் சொல்லவில்லை. ஆகவே கொள்கைப் பற்றுள்ளவர்கள் அவசரப்பட்டு என்மேல் பாய வேண்டாம்.

கல்லடியில் நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில், 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய அலுவலகக் கணினி ஒன்றில் கிட்லாப்பை நிறுவினோம். அது கனமான மென்பொருள். ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் இரண்டு வருடங்கள் ஓடியது. 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, இருபது நிமிடம்கூடத் தாங்காத எங்கள் யூபிஎஸ் என்ன செய்யும்? ஒரு இரவு மின்சாரம் திரும்பியதும் வன்தட்டு ‘டக், டக்’ என்று தட்டியது. அதன் பிறகு அது எழும்பவேயில்லை. காப்புப் பிரதி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, இரவுதோறும் தவறாமல், அதே வன்தட்டில்தான் எழுதப்பட்டுவந்தது. அந்த அமைப்பைச் செய்தவன் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிரலில் செய்யும் மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் பிரதி முழு வரலாற்றையும் கொண்டிருக்கும் என்பதால், அக்கரைப்பற்று நண்பரின் மடிகணினியிலிருந்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம். விளக்கக் குறிப்புகளை எழுதி வைத்த விக்கிப் பக்கங்களும் தனியொரு கிட் களஞ்சியமாகவே (கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பாகவே) இருப்பவை என்பதால் அவற்றுக்கும் ஒருவரிடம் பிரதி இருந்தது. போனவை வழுப்பதிவுகள், அதாவது செயலியின் பிழைகளைப் பற்றி எழுதப்படும், நாங்கள் ‘இஷ்யூ’ என்று சொல்லும் குறிப்புகளும் உரையாடல்களும். பாமினியில் கொம்பை முதலில் தட்டிவிட்டுத்தான் மெய்யைத் தட்ட வேண்டும். யுனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வருகிறது. இதனால் ‘கொ’ என்ற எழுத்து சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக மாறிவிடும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் அகப்படாது. ‘ஸ்ரீ’யை எழுத யுனிகோடில் இரண்டு வழிகள் இருப்பதும் இதே வகைத் தலையிடிதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டுகளோடு பொறுமையாக எழுதி வைத்திருந்தார். ‘இந்த வரியை ஏன் இப்படி எழுதினோம்’ என்பதற்கான விடைகள் நிரலில் இருக்கவில்லை, அந்த உரையாடல்களில்தான் இருந்தன. அவரிடம் போய் மறுபடி கேட்டபோது சிலவற்றை எழுதித் தந்தார். மற்றவை அவருக்கும் நினைவில் இல்லை, எங்களுக்கும் இல்லை.

இப்போது நாங்கள் இருப்பது கிட்ஹப்பில். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்களிடம் அங்கே ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. புதிய இடமொன்றில் பதிவு செய்யச் சொன்ன காலத்தில் வராதவர்கள் இப்போது தாமாகவே திருத்தங்களை அனுப்புகிறார்கள். அதோடு, நிரலின் நிழற்பிரதி ஒன்று பேர்லினில் பதிவான இலாபநோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் என்ற இன்னொரு தளத்திலும் இருக்கிறது. வழுப்பதிவுகளை ஏபிஐ (நிரல்கள் தளத்திடம் நேரடியாகத் தகவல் கேட்கும் வாயில்) வழியாக இறக்கி வேறொரு களஞ்சியத்தில் ஜேசன் என்ற வடிவிலான உரைக் கோப்புகளாகச் சேமிக்கும் சிறு நிரல் ஞாயிறுதோறும் ஓடுகிறது. குழுமக் கணக்குக்கு மூன்று உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒருவர் உரிமையாளராக இருந்து, கடவுச்சொல்லோடு கணக்குக்குள் நுழையத் தேவையான இருபடிச் சரிபார்ப்புச் செயலி இருந்த அவருடைய கைத்தொலைபேசி தோணியிலிருந்து வாவிக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எங்களைப் போல வாவிக்கரையில் இருப்பவர்கள் யோசித்துத்தான் ஆக வேண்டும். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம்.

இந்த மாற்றத்தை ‘பெரிய நிறுவனத்திடம் சரணடைதல்’ என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் எங்களுக்கு எழுதினார். மின்வெட்டுக் காலத்தில் அவர் ஒரு வரி நிரலோ, ஒரு யூபிஎஸ் மின்கலமோ அனுப்பியவர் அல்லர் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். பெரிய இடங்களும் நிலையானவை என்று நான் சொல்ல வரவில்லை. இதே போன்ற தளமான கூகுள் கோட் 2016 இல் மூடப்பட்டது. பிட்பக்கெட் என்ற இன்னொரு தளம் 2020 இல், கிட்டைப் போன்ற வேறொரு மென்பொருளான மெர்க்குரியலின் களஞ்சியங்களைக் கைவிட்டது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நிரலை இன்னும் நிறுத்தவில்லை.

உங்களிடம் மின்சாரமும் ஆளும் இருந்தால் சொந்த வழங்கியையே வையுங்கள். கிட்லாப்பை விட, அதே வேலையைச் செய்யும் கிட்டீயோ ஃபோர்ஜெயோவோ சிறிய கணினியில் இலகுவாக ஓடும். எதைத் தேர்ந்தாலும், முதல் வாரத்திலேயே வேறொரு கணினியை எடுத்து, காப்புப் பிரதியிலிருந்து வழுப்பதிவுகள் உட்பட எல்லாவற்றையும் மீட்டுப் பாருங்கள். நாங்கள் அதை ஒருமுறை செய்திருந்தால், காப்புப் பிரதி எந்த வன்தட்டில் கிடக்கிறது என்பது 2020 இலேயே தெரிந்திருக்கும்.