மிஸ்ஸிடம் கத்திய தம்பிக்கு

அன்புள்ள அக்கா,

நான் மூதூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஊர்ப் பெயரும் என் பெயரும் போடவேண்டாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம், நெஞ்சுக்குள் ஏதோ பிசையுது என்று அம்மா சொன்னார். உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகியது. ஓட்டோவில் ஏற்றி எங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். டொக்டர் இல்லை. எங்களுக்கு இருப்பதே ஒருவர்தான், அவரும் லீவு. ஒரு மிஸ்ஸும் (தாதி) ஒரு அற்றெண்டனும் நின்றார்கள். மிஸ் ஈசிஜி எடுத்தார். பிறகு அந்தத் தாளைப் போட்டோ பிடித்துவிட்டுப் போனையே நோண்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கைநிறையக் குளிசை தந்து சப்பி விழுங்கச் சொன்னார். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவர் அழுதுவிட்டார். கடைசியில் 8,000 ரூபாய்க்கு வான் பிடித்துத் திருகோணமலைக்குக் கொண்டு போனோம். அம்மா தப்பிவிட்டார்.

பிறகு பெடியன்கள் எல்லாம் சேர்ந்து வைத்தியசாலை வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தோம். அரசியல்வாதி ஒருவர் வந்து பேசினார். மூன்று நாள் ஒரு டொக்டர் வந்தார், பிறகு பழைய குருடிதான். அக்கா, நாங்கள் யாரிடம்தான் கத்துவது? நீங்கள் கதை கட்டுரை என்று எவ்வளவோ எழுதுகிறீர்கள். இதைப் பற்றி எழுதினால் ஏதாவது நடக்குமா?

~

அன்புள்ள தம்பி,

அம்மா தப்பிவிட்டார் என்ற வரி வரும்வரை கடிதத்தை ஓட்டமாக வாசித்தேன். அதைக் கண்டபிறகுதான் ஆறுதலாகத் திரும்ப வாசிக்க முடிந்தது.

முதலில் அந்த மிஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் போனை நோண்டிக்கொண்டு நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஈசிஜி தாளை ஒருவர் எதற்காகப் படம் பிடிப்பார்? பெரிய ஆஸ்பத்திரியில் கடமையில் இருக்கிற ஒரு டொக்டருக்கு அனுப்பத்தான். அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. நான் அங்கே நிற்கவில்லை, ஆனால் வேறோர் இடத்தில் இதையே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதில் வந்த பிறகு அவர் தந்த அந்தக் கைநிறையக் குளிசை, மாரடைப்பு என்று தெரிந்தால் முதலில் கொடுப்பது. இரத்தம் மேலும் கட்டிபடாமல் தடுப்பது. அஸ்பிரினைச் சப்பச் சொல்வது கெதியாக உடம்பில் சேரவேண்டும் என்பதற்காக. திருகோணமலைக்குப் போய்ச் சேரும்வரை உங்கள் அம்மாவை அந்தக் குளிசைகள்தான் தாங்கியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் தன் வேலையைச் செய்த ஒரே ஆளிடம்தான் நீங்கள் கத்தியிருக்கிறீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தாயைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு நிதானம் இருக்காது. ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. நாம் கோபப்படுவதெல்லாம் வந்து நிற்கிறவர்களிடம். வராதவரையோ, அனுப்பாதவரையோ நமக்குத் தெரியவே தெரியாது. அவர்களுடைய மேசை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அதனால் துண்டு எழுதுகிறவர், மருந்து கட்டுகிறவர், கேட் காவல்காரர் என்று கைக்கு எட்டியவர்களோடு சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

அந்த மேசை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் வந்தபோது, பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கைக்குப் போயின. கட்டடம், கூரை, டொக்டர் தங்குகிற குவாட்டர்ஸ், அம்புலன்ஸ் எல்லாம் மாகாணத்தின் பாடு. ஆனால் டொக்டரை நியமிப்பது கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சு. ஐந்து வருடம் படித்து, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி முடித்தவர்களைத் தரவரிசைப்படி அழைத்து, வெற்றிடப் பட்டியலைக் காட்டி, இடத்தைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். முன்னுக்கு நிற்கிறவர்கள் எந்த ஊரைத் தெரிவு செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஊர் பட்டியலின் அடியில் கிடக்கும். ஆக, மாகாணத்தில் போய்க் கேட்டால் "ஆளை அனுப்பவேண்டியது அமைச்சு" என்பார்கள். அமைச்சில் கேட்டால் "தங்க இடம், வசதி செய்து கொடுக்கவேண்டியது மாகாணம்" என்பார்கள். இரண்டும் உண்மை. அதனால்தான் இரண்டு பேரும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள்.

முன்னர் இந்த இழுபறியை எடுத்துக்கொண்டு போக மாகாணத்தில் ஒரு சுகாதார அமைச்சராவது இருந்தார். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆளுநரும் செயலாளர்களும் நடத்துகிறார்கள். மாகாணத்தின் தலைமைச் செயலகம் திருகோணமலை நகரத்தில், உங்கள் வைத்தியசாலையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர்கூட அதற்குள் இல்லை. வாசலில் வந்து பேசிவிட்டுப் போன அந்த அரசியல்வாதியால் மூன்று நாளுக்கு ஒரு டொக்டரைக் கூட்டிவர முடிந்ததற்கும், நாலாம் நாள் முடியாமல் போனதற்கும் இதுதான் காரணம். வேறொரு வைத்தியசாலையிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக இழுத்திருப்பார்கள். அந்த மூன்று நாளும் அங்கே யாருடைய தாய் வாசலில் காத்திருந்தாவோ.

டொக்டர்மார் எல்லாரும் காசுக்காகத்தான் வரமாட்டேன் என்கிறார்கள் என்று ஊரில் கதைப்பதை நானும் கேட்கிறேன். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் பக்கத்து வைத்தியசாலை ஒன்றுக்குப் போனேன். எது என்று சொல்லவில்லை. அங்கே டொக்டர், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, முதல் நியமனம். மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கொப்பித் தாள் இருந்தது. அதில் சிங்கள எழுத்தில் ஏதோ வரிசையாக எழுதியிருந்தது. பெரியம்மா உட்கார்ந்து, "கால் ரெண்டும் உளையுது மகன்" என்றார். அவர் உடனே குனிந்து அந்தத் தாளில் விரலை வைத்துத் தேடினார். பிறகு நிமிர்ந்து, "நோகுதா, உளையுதா, விறைக்குதா?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நோகுது, உளையுது, விறைக்குது, எரியுது, குத்துது, இழுக்குது, முட்டு. நம்முடைய வலிகளின் பெயர்கள் முழுக்க அந்தத் தாளில் இருந்தன. அற்றெண்டனிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தாராம். விறைக்குது என்றால் சீனி வருத்தமா என்று பார்க்கவேண்டும், உளையுது என்றால் வேறு என்று அரைத் தமிழில் எனக்கு விளக்கினார். அரசகரும மொழி என்று தமிழைச் சட்டத்தில் எழுதியும் இத்தனை வருடம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. தானாகத் தேடிப் படித்திருந்தது.

அந்தப் பிள்ளை இருந்த குவாட்டர்ஸையும் பார்த்தேன். மாரி மழைக்குக் கூரை ஒழுகி, அறையின் ஒரு பாதியில் மட்டும் கட்டிலைப் போட்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீரைக் கானில் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். இரவில் கதவைத் தட்டினால் எழும்பி வருவார் என்று ஊர் சொன்னது. மாற்றி விட ஆளில்லாமல் இருபத்துநாலு மணித்தியாலமும் ஒரே ஆள். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தார். இடமாற்றம் வந்தது, போய்விட்டார். போனதை நான் பிழை சொல்லமாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்குப் பதிலாக ஒருவர் வந்து கதிரையில் உட்காருமுன்னர் அவரை விடுவித்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த முறை பெரியம்மாவோடு போனபோது கதிரை வெறுமையாக இருந்தது. கண்ணாடிக்குக் கீழே அந்தத் தாள் ஈரம் பட்டு ஓரம் பழுத்து அப்படியே கிடந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் திறமை அடிப்படையில் 40 சதவீதம், மாவட்டக் கோட்டாவில் 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று மேலதிகமாக 5. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிற மாவட்டம். இந்த மண்ணின் பெயரைச் சொல்லி உள்ளே போகிற பிள்ளைகள் இரண்டு வருடமாவது இந்த மண்ணில் வந்து வேலை செய்யவேண்டும் என்பது என் எண்ணம். இதைச் சொன்னதற்கு டொக்டராக இருக்கிற என் மருமகளே என்னோடு சண்டைக்கு வந்தாள். "மாமி, முதல்ல குவாட்டர்ஸ் கூரையைப் போட்டுட்டுக் கூப்பிடுங்கோ" என்றாள். நான் என் எண்ணத்தை மாற்றவில்லை. ஆனால் அவள் சொன்னதும் நியாயம்தான். 2022இல் நாடு வங்குரோத்தான பிறகு கடல் கடந்து போன டொக்டர்மாரில் அவளுடைய சிநேகிதிகளும் இருக்கிறார்கள்.

நீங்கள் தமிழர் என்பதால்தான் இப்படி என்று கடிதத்தில் எங்கும் எழுதவில்லை, அதற்காக உங்களை மதிக்கிறேன். இதே மாவட்டத்தில் சிங்களவர் வாழும் பதவிசிறிபுரப் பக்கம் போனால் சிறுநீரக நோயாளிகள் இதே பாட்டைச் சிங்களத்தில் பாடுவதைக் கேட்கலாம். அதற்காக மூதூர் கிழக்கும் வெருகலும் போர்க்காலத்தில் பட்டதும், இன்னும் நிமிராமல் கிடப்பதும் இல்லையென்று ஆகிவிடாது.

வாசலில் நின்று செய்கிற ஆர்ப்பாட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2021 நவம்பர் 23 உங்களுக்கு நினைவிருக்கும். குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாமல் கிடக்க, மிதவைப் படகில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைத் தண்ணீர் கொண்டுபோனது. அன்று காலையே ஆறு உயிர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிண்ணியா ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரோட்டில் டயர் எரிந்தது. அதே கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறந்தபோது நாமெல்லாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். லோஞ்சுக்கும் பாதைப் படகுக்கும் காத்துக் கிடந்த காலத்தில் கரையிலேயே போன உயிர்கள் உண்டு. பெரிய பாலம் வந்தது, பக்கத்திலேயே சின்னப் பாலத்துக்குப் பிள்ளைகள் சாகவேண்டியிருந்தது. அந்தக் கோபம் மிக நியாயமான கோபம். ஆனால் சில நாளில் அடங்கிப்போனது. பிள்ளைகள் செத்த பிறகு எரிகிற டயரை யாரும் பொறுத்துக்கொள்வார்கள், தம்பி. பிள்ளைகள் சாகுமுன்னர் மாதாமாதம் வந்து "வேலை எதுவரை?" என்று கேட்கிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது.

நீங்கள் அந்த ஆளாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தருகிறாரா இல்லையா என்று முடிவு சொல்லியாகவேண்டும், மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேலே ஆணைக்குழு. உங்கள் வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று இருப்பது எத்தனை, வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து என்று கேளுங்கள். குவாட்டர்ஸ் திருத்த மூன்று வருடத்தில் கேட்ட காசு எவ்வளவு, வந்தது எவ்வளவு, ஒரு அம்புலன்ஸுக்கு எத்தனை சாரதிகள் என்றும் கேளுங்கள். ஒரே கடிதத்தை மாகாணத் திணைக்களத்துக்கும் சுகாதார அமைச்சுக்கும் தனித்தனியே அனுப்பவேண்டும். இரண்டு பேரும் மற்றவரைக் காட்டமுடியாதபடி இரண்டு பதிலும் உங்கள் கையில் இருக்கும். அதன் பிறகு ஆர்ப்பாட்டம் செய்யுங்கள், நானும் வந்து நிற்கிறேன். பதாகையில் "டொக்டர் வேண்டும்" என்று எழுதாமல், இத்தனை பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர், இத்தனை மாதமாக வெற்றிடம் என்று இலக்கத்தை எழுதுவோம். அதையும் ஆஸ்பத்திரி வாசலில் பிடிக்கவேண்டாம். திருகோணமலையில் செயலகத்தின் முன்னே பிடிப்போம்.

எழுதினால் நடக்குமா என்று கேட்டீர்கள். நான் எழுதுவதால் மட்டும் ஒரு டொக்டர் வந்து இறங்கமாட்டார். ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நாளைக்கு ஒருவர் அந்த மிஸ்ஸிடம் கத்தாமல் இருந்தால், அதற்காகவே எழுதலாம். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என் அம்மாவின் கிளினிக்குக்கு விடிய நாலு மணிக்கே போய், சொப்பின் பையில் சுற்றிய கொப்பியை வாங்கில் வரிசையில் வைத்து அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு நின்றவள் நான். அந்த வாங்கில் இருந்த கொப்பிகளில் பாதி கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை. ஊரிலேயே பார்த்துக் கொடுக்கக்கூடிய வருத்தங்களுக்காக இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்த சனம்.

ஒன்றை உடனே செய்யுங்கள். இனி இப்படி ஏதாவது என்றால் ஓட்டோ தேடாமல், வீட்டிலிருந்தே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. அதிலே வருகிறவர்கள் முதலுதவி தெரிந்தவர்கள். இந்த இலக்கத்தை உங்கள் ஊர்க் கடைகளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அந்த மிஸ் இன்னும் அங்கே கடமையில் இருக்கிறாரா? இருந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அம்மா நடந்து வருவதைக் கண்டாலே அவருக்குப் போதும். முடிந்தால் அன்றைக்கு யாருக்கு அந்தப் படத்தை அனுப்பினார் என்று கேளுங்கள். அடுத்த மாதம் முதல் கிழமையில் நான் மூதூருக்கு வருகிறேன். தகவல் கேட்கும் கடிதத்தை இருவரும் சேர்ந்தே எழுதுவோம். அம்மாவின் கிளினிக் கொப்பியையும் அந்த ஈசிஜி தாளையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
அக்கா